மார்வாவுக்கு ஒரு தட்டு, பூரியாவுக்கு இரண்டு

அத்தியாயம் 17

அவளுடைய மேல்கோட்டுக்கு ஆறு பொத்தான். ஆறையும் காலையில் நான்தான் போட்டுவிட்டேன். ஐந்து மாதத்துக்கு முன்னால் விழுந்துபோன வலது கை இப்போது கரண்டி பிடிக்கிறது, பேனா பிடிக்கிறது. பொத்தானிடம் மட்டும் தோற்றுப்போகிறது.

நாலாவது பொத்தானில் என் விரலும் தடுமாறியது. அவசரம் வேண்டாம், ஒன்பதரைக்குத்தானே என்றாள். அவசரமெல்லாம் இல்லை. அலுப்பு. இசைக் கல்லூரித் தேர்வு தொடங்கி இன்றைக்கு மூன்றாவது நாள். முப்பத்திரண்டு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவன் நான். இரட்டை ஷிப்டு பார்த்துவிட்டு வந்த நாளில்கூட உடம்பு இப்படிச் சக்கையானதில்லை. பஸ் ஓட்டுவது நேரான வேலை. இரண்டு நாளாக நான் பார்ப்பது திருட்டு வேலை.

போன வாரம் பாதிதான் சொன்னேன். மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி இந்துஸ்தானிப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள். கல்லூரியில் அவளுக்குப் பெரிய டீச்சர் என்று பெயர். கேட்டுக் கேட்டு எனக்கும் வாயில் டீச்சர் என்றே வருகிறது. அந்தப் பாட்டில் ஒரே சுரங்களை வைத்துக்கொண்டு வேறு வேறு ஆளாக நிற்கிற ராகங்கள் சில உண்டு. அவற்றைப் பிரித்துச் சொல்வதில் டீச்சரை மிஞ்ச ஆளில்லை என்பது நாற்பது வருஷப் பேச்சு. பக்கவாதம் வந்து போன பிறகு கால் திரும்பியது, பேச்சு திரும்பியது, கையும் முக்கால்வாசி திரும்பியது. அந்தக் காது திரும்பவில்லை. மார்வா, பூரியா, சோஹினி மூன்றும் அவளுக்கு ஒன்றாகவே கேட்கின்றன. பூபாலியும் தேஷ்காரும் அப்படித்தான்.

இது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். டாக்டருக்குக்கூடத் தெரியாது. அந்த ஆள் கையைத் தூக்கச் சொல்வார், நாக்கை நீட்டச் சொல்வார். மார்வா எது பூரியா எது என்று எந்த டாக்டர் கேட்டார்?

தேர்வுக்குத் தலைமை ஏற்கச் சொல்லிக் கடிதம் வந்தபோது முடியாது என்று எழுதிப் போடு என்றேன். நாலு நாள் கடிதத்தைத் தலையணைக்கடியிலேயே வைத்திருந்தாள். அந்த நாலு நாளும் சாப்பாட்டைக் கிளறிவிட்டு எழுந்தாள். ஐந்தாம் நாள் என்னிடம் கேட்டாள்:

"உங்களுக்குப் பிரிச்சுத் தெரியுமில்ல? நாப்பது வருஷமா கேக்கறீங்க."

தெரியும் என்றேன். அன்றைக்கு இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். இப்படித்தான் நான் விழுந்தேன்.

எனக்குத் தெரிவது பாட்டு அல்ல. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சங்கீதக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிற பேச்சை நான் என்றைக்கும் நம்பியதில்லை. கண்ணை மூடுகிற டிரைவர் வண்டியில் யாராவது ஏறுவார்களா? ஆனால் வீட்டில் ஒரு அறை, அதில் நாள் முழுக்க அவள் வகுப்பு, மறு அறையில் நான். காது என்ன, கதவா சாத்திக்கொள்ள?

பூரியா டெப்போவுக்குத் திரும்புகிற வண்டி. நிதானமாகக் கீழே இறங்கும். க-வில் நிற்கும், நி-யில் நிற்கும், எல்லாரும் இறங்கிப் போகட்டும் என்று காத்திருக்கும். மார்வா நிறுத்த இடம் கிடைக்காத வண்டி. ரி-யில் நிற்பதுபோல இருக்கும், எஞ்சின் அணையாது. த-வுக்குப் போகும், அங்கேயும் அணையாது. இதோ ஸ-வுக்கு வந்து நிற்கப் போகிறது என்று நாம் எழுந்து பையை எடுத்தால், வராது. சோஹினி மாடி பஸ்ஸின் மேல்தட்டு. கீழே இறங்கினாலும் உடனே படியேறிவிடும். பூபாலி க-வில் சாய்ந்து உட்காரும். தேஷ்கார் த-வைப் பிடித்துக்கொண்டு மேல் பாதியிலேயே புழங்கும்.

டீச்சரிடம் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. "அவ்வளவுதான் விஷயம். நான் இருபது பக்கம் எழுதினேன்," என்றாள்.

பாடுவது எந்த ராகக் குடும்பம் என்பது அவளுக்கே தெரியும். குடும்பத்துக்குள் யார் என்பதுதான் தெரியாது. மயக்கம் வந்தால் பிடிக்க ஆள் வேண்டும் என்று சொல்லி, அவள் நாற்காலிக்குப் பின்னால் எனக்கு ஒரு நாற்காலி வாங்கியாயிற்று. என் ஷூ முனை அவள் நாற்காலிக் காலைத் தொடும். மார்வாவுக்கு ஒரு தட்டு. பூரியாவுக்கு இரண்டு. சோஹினிக்கு மூன்று. மற்றக் குடும்பத்தில் பூபாலிக்கு ஒன்று, தேஷ்காருக்கு இரண்டு. கியரைவிடச் சுலபம்.

ஒன்பதேகாலுக்குக் கூடத்துக்குள் போனோம். நீளமான அறை. ஒரு ஓரத்தில் பாடுகிறவருக்கு ஒரு தாழ்ந்த மேடை, எதிரில் தேர்வாளர்களுக்கு மேஜை. தம்புராவுக்குப் பதில் ஒரு கறுப்புப் பெட்டி. ஸ்விட்சைப் போட்டால் அதுவே மீட்டிக்கொள்ளும். அலுக்காத ஜன்மம் அது ஒன்றுதான்.

வாசல் பக்கச் சின்ன மேஜையில் எங்கள் மகள். கல்லூரி அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷமாக வேலை. தேர்வு நாளில் சீட்டு டப்பாவும் மதிப்பெண் தாளும் அவள் பொறுப்பு. ஒரு காலத்தில் அவளும் பாடினாள். இருபது வயதில் அவள் அம்மா ஒரு நாள், வகுப்பில் எல்லார் முன்னாலும், உனக்குக் காது பத்தாது, ஆபீஸ் வேலைக்குப் போ என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குப் போனவள்தான். இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். மாத்திரை, மழை, மாப்பிள்ளை. பாட்டு மட்டும் பேசமாட்டார்கள்.

டீச்சருக்குப் பக்கத்தில் இரண்டாவது தேர்வாளர், சரோத் என்கிற தந்தி வாத்தியம் வாசிக்கிற ஒரு சரோத்காரர். நல்ல மனுஷன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எல்லாரும் சொல்வதாலேயே நான் கொஞ்சம் தள்ளி நிற்கிறேன். டீச்சர் சொன்னால் சரிதான் என்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி.

தேர்வு முறை இது. பாடுகிறவர் டப்பாவிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டு, வாயால் சொல்லாமல் மடித்து மகளிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிறகு நாலு நிமிஷம் அந்த ராகத்தை விரித்துப் பாட வேண்டும். தேர்வாளர் இரண்டு பேரும் தங்களுக்குக் கேட்ட ராகத்தை எழுத வேண்டும். எழுதியதும் சீட்டும் ஒத்துப்போனால் தேர்ச்சி. ஒத்துப்போகாவிட்டால் பாடியவர் வழுக்கிவிட்டார் என்று அர்த்தம். தேர்வாளர்கள் மாறுபட்டால் தலைமைத் தேர்வாளர் எழுதியதே செல்லும். அவர் தப்பாகக் கேட்டிருந்தால் என்ன செய்வது என்று விதியில் இல்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த விதியை எழுதியது டீச்சர்தான்.

முதல் ஐந்து பேர் சிரமம் தரவில்லை. ஒரு பையன் தேஷ்கார் பாடினான். இரண்டு தட்டு. ஒரு பாங்க் அதிகாரி பூபாலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார், எழுப்பத்தான் முடியவில்லை. ஒரு தட்டு. டீச்சர் எழுதுவாள். சரோத்காரர் அவள் தாளைப் பார்க்காததுபோலப் பார்த்துவிட்டு எழுதுவார். மகள் சீட்டைப் பிரித்து வாசிப்பாள்.

ஆறாவதாக ஒரு பெண்மணி வந்தாள். நாற்பத்தைந்து இருக்கும். ஏதோ ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. காலை ஷிப்டுக்குப் போய்விட்டு நேராக வந்திருக்கிறாள் என்பது பார்த்தாலே தெரிந்தது. விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கி வெள்ளையாக இருந்தது. இது அவளுக்கு மூன்றாவது முறை. மூன்றாம் முறையும் தவறினால் கல்லூரிப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அதையும் மகள் தாளைப் பார்த்து ஒப்பிக்க வேண்டியிருந்தது. அந்த அம்மாள் தலையாட்டிக்கொண்டாள்.

பாட ஆரம்பித்தாள். பெரிய குரல் இல்லை. சுத்தமான குரல். மூன்று பேர் இருக்கிற அந்தக் குடும்பம் என்பது முதல் மூச்சிலேயே எனக்கே தெரிந்தது. கீழே நி-யில் நின்றாள். போனாள், ரி, க, மேலே த. திரும்பி வந்து மறுபடியும் நி-யில் நின்றாள். மூன்றாம் தரமும் அங்கேயே நின்றாள்.

எனக்கு அப்போது இடுப்பு வலி. மூன்று நாளாக முதுகில்லாத நாற்காலி. மனசு பாதி மத்தியானச் சாப்பாட்டில் இருந்தது. இறங்குகிறது, நிற்கிறது, டெப்போதான் என்று முடிவு கட்டினேன். இரண்டு தட்டு தட்டினேன்.

டீச்சர் எழுதினாள். சரோத்காரர் எழுதினார். மகள் இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தாள். சீட்டைப் பிரித்தாள். தாளையும் சீட்டையும் இன்னொரு தரம் பார்த்தாள்.

"சீட்டு, மார்வா," என்றாள். "எழுதினது, ரெண்டு பேரும் பூரியா."

சலவைக்கூடத்து அம்மாள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பெட்டியை அணைக்கட்டுமா என்று கேட்டாள். அவளே அணைத்துவிட்டுப் போனாள்.

சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள். டீச்சரை ஓய்வறையில் உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்க வந்தேன். குழாயடியில் மகள் நின்றுகொண்டிருந்தாள். எனக்காகத்தான் நின்றாள்.

"அப்பா, அவங்க பாடினது மார்வா."

அம்மா பூரியா என்று எழுதியிருக்கிறாளே என்றேன். பாட்டிலைக் குழாயில் வைத்துக்கொண்டு அவளைப் பார்க்காமல் பேசினேன்.

"அதான் கேக்கறேன். அம்மா ஏன் அப்படி எழுதினாங்க?"

எனக்கென்ன தெரியும், நான் பஸ் ஓட்டினவன் என்றேன். மாட்டிக்கொள்கிற நேரத்திலெல்லாம் நான் போட்டுக்கொள்கிற சட்டை இது. அவளுக்கு அது தெரியும்.

"எனக்குக் காது பத்தாதுன்னு அம்மா சொன்னாங்க. சரி. பத்தாத காதுக்கே மார்வான்னு கேட்டுது. அம்மாவுக்குக் கேக்கலைன்னா அம்மாவுக்கு என்னமோ ஆயிருக்கு. நீங்க மறைக்கிறீங்க."

அழுது கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் பைல் படிக்கிற குரலில் கேட்டாள். பாட்டில் நிரம்பித் தண்ணீர் என் கால்மேல் வழிந்தது. குழாயை அவள்தான் மூடினாள்.

ஓய்வறையில் டீச்சர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவைச் சாத்தினேன். எதையும் சுற்றி வளைத்துச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"அந்தம்மா பாடினது மார்வாவாம். நான் தப்பா தட்டிட்டேன்."

கரண்டியைக் கீழே வைத்தாள். யார் சொன்னது என்று கேட்டாள். நம் பெண் என்றேன். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டதா என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை, மூஞ்சி திறந்துவிட்டது போலிருக்கிறது என்றேன்.

அந்த அம்மாள் ஏன் நி-யில் போய்ப் போய் நின்றாள் என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அது என்னை அரித்தது. ஐந்து மாதமாகக் கேட்காத ஒன்றையும் அப்போதுதான் கேட்டேன்.

"உனக்கு என்னதான் கேக்குது?"

டப்பாவை மூடினாள்.

"எல்லாம் கேக்குது. ரி கேக்குது, த கேக்குது, நி கேக்குது. ஒண்ணும் குறையல. ஒரு மூஞ்சில கண்ணு தெரியுது, மூக்கு தெரியுது, வாய் தெரியுது. ஆனா ஆளு யாருன்னு தெரியல. அப்படி."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் வருத்தம் இல்லை. தினமும் பார்த்துப் பார்த்துத் தேய்ந்துபோன விஷயத்தைச் சொல்கிற குரல்.

இன்றைய தாள் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் உறையில் போடப்படும், அதற்குள் எதையாவது செய்துவிடலாம் என்றேன். சரோத்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, கைதவறி எழுதியதாகச் சொல்லலாம் என்றேன். பொய்யிலேயே நல்ல பொய்யாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போது கதவைத் தட்டிவிட்டு அந்த அம்மாளே உள்ளே வந்தாள்.

கையில் ஒரு படிவம். மூன்று முறை தவறியவர்கள் தங்கள் பெயரை எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் தலைமைத் தேர்வாளர் கையெழுத்தும் வேண்டும். சாப்பிடுகிற நேரத்தில் தொந்தரவு, மன்னிக்க வேண்டும், இரண்டு மணிக்கு ஷிப்டுக்குத் திரும்ப வேண்டும் என்றாள். டீச்சர் படிவத்தை வாங்கினாள். பேனாவின் மூடியை நான் திறந்து கொடுத்தேன்.

அந்த அம்மாள் நின்றுகொண்டே பேசினாள். சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மார்வான்னு நினைச்சுத்தாம்மா பாடினேன். எங்கயோ பூரியாவுக்குப் போயிருக்கேன், எனக்கே தெரியாம. நீங்க எழுதின பிறகு வெளில உட்கார்ந்து மனசுக்குள்ள பாடிப் பார்த்தேன். இப்ப எனக்கும் பூரியா மாதிரிதான் இருக்கு. எது எதுன்னே தெரியல. ஆறு வருஷமா தப்பாவே கேட்டிருக்கேன் போல."

டீச்சரின் பேனா காகிதத்தைத் தொட்டபடியே நின்றது. ஒரு மசிப்புள்ளி விழுந்து பெரிதாகிக்கொண்டிருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நாற்பது வருஷத்தில் அவளுக்குக் கோபம் வந்து பார்த்திருக்கிறேன், அழுது பார்த்திருக்கிறேன். பயந்து பார்த்தது இன்றைக்குத்தான். ஆஸ்பத்திரியில்கூட அவள் பயப்படவில்லை.

"உட்காரு," என்றாள் அந்த அம்மாளிடம். என்னிடம், சரோத்காரரையும் மகளையும் கூட்டி வரச் சொன்னாள்.

வேண்டாம், யோசித்துச் செய்யலாம் என்று கண்ணால் சொன்னேன். அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. கூட்டி வந்தேன். சரோத்காரர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். மகள் கதவோரம் நின்றாள்.

"இந்தம்மா தப்பா பாடல," என்றாள் டீச்சர். "நான்தான் தப்பா எழுதினேன். எனக்கு இப்போ மார்வாவும் பூரியாவும் ஒண்ணாத்தான் கேக்குது. பிரிச்சுத் தெரியல."

சரோத்காரர் சிரிக்கப் பார்த்தார். டீச்சர் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார். நீங்கள் என்ன கேட்டீர்கள், உண்மையைச் சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்டாள். அந்த மனுஷன் தன் கைக்குட்டையை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார்.

"முதல்ல மார்வான்னுதான் பட்டுது. நீங்க எழுதறதைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கும் பூரியாவாவே கேட்டுது. பொய் சொல்லல டீச்சர். நிஜமாவே அப்படிக் கேட்டுது."

படித்தவர்களை ஏன் நம்புவதில்லை என்று என்னைக் கேட்பவர்களுக்கு இனிமேல் இவரைக் காட்டலாம். ஆனால் அவரைச் சொல்லி என்ன? எனக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருந்து, அதிலிருந்து யாராவது தட்டியிருந்தால் நானும் கேட்டிருப்பேன்.

டீச்சர் மகள் பக்கம் திரும்பினாள். திரும்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீ என்ன கேட்ட?"

"மார்வா."

"எங்க பிடிச்ச?"

மகள் சரோத்காரரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அம்மாவிடம் பாட்டைப் பற்றி அவள் வாய் திறந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும்.

"ரெண்டாவது மூச்சுல. ரி-ல நின்னாங்க. ஸ-வுக்கு வருவாங்கன்னு காத்துட்டிருந்தேன். வரல. த-வுக்குப் போயிட்டாங்க."

"நி-ல மூணு தடவை நின்னாளே?"

"அது ராகத்துக்காக நிக்கல. மூச்சு வாங்கினாங்க. நெஞ்சுல சளி இருக்கு, பாட வரும்போதே இருமிட்டுத்தான் வந்தாங்க."

நான் தரையைப் பார்த்தேன். மூச்சு வாங்க நின்ற வண்டியை டெப்போவுக்கு வந்த வண்டி என்று எழுதிவிட்டேன். இறங்குகிறவர்களுக்காக நிற்பதும் எஞ்சின் சூடாகி நிற்பதும் ஒன்றா? முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அந்தத் தப்பைச் செய்ததில்லை.

டீச்சர் காலைத் தாளைக் கொண்டுவரச் சொன்னாள். பூரியா என்பதை அடித்தாள். பக்கத்தில் மெதுவாக எழுதினாள்: பாடப்பட்டது மார்வா. தேர்வாளர் தவறாகக் கேட்டார். கையெழுத்துப் போட்டாள். கோணல் கையெழுத்து. சரோத்காரரும் கீழே போட்டார். கையெழுத்துப் போடாத படிவத்தை இரண்டாக மடித்து மகளிடம் கொடுத்தாள்.

அந்த அம்மாள் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. எழுந்து போகவும் இல்லை.

"மார்க்குக்காகக் கேக்கலம்மா. நான் பாடினது மார்வாதானா?"

"என்கிட்ட கேக்காத," என்றாள் டீச்சர். "அவகிட்ட கேளு."

மகள் ஆமாம் என்று தலையசைத்தாள். அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். சரோத்காரர் முடிக்கவிடவில்லை. இவ்வளவு பெரிய நோயிலிருந்து எழுந்து வந்திருக்கிறீர்கள், இன்றைக்கு அசதி, யாருக்கும் வருவதுதான் என்று ஆரம்பித்தார். மத்தியானம் மிச்சமிருக்கும் நாலு பேரைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கடைசியில் ஆறுதலாக ஒன்று சொன்னார்: முதல் இரண்டு நாளும் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன், ஒரு குறை கிடையாது, அந்தத் தாளெல்லாம் காலையிலேயே முத்திரை வைத்துப் போய்விட்டது, நீங்கள் கவலையே படவேண்டாம்.

டீச்சர் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். அடுத்த வார்த்தையைச் சொன்னால் அதில் நானும் வந்துவிடுவேன். வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பார்வையை நான் புரியாததுபோல வாங்கி வைத்துக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே யாரோ பாடினார்கள். எது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லப் பயமாக இருந்தது.

ஐந்தேகாலுக்கு மகள் பையோடு வந்தாள். அம்மாவின் மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். பிறகு என்னைத் தனியாக நாலடி நகர்த்தினாள்.

"அப்பா, மூணு நாளும் உங்க ஷூ அந்த நாற்காலிக்கிட்டயேதான் இருந்துது. நான் வாசல்ல உட்கார்ந்திருந்தேன். அங்கேருந்து மேஜைக்கு அடியில எல்லாம் தெரியும்."

இடுப்பு வலி, கால் நீட்டினேன் என்றேன். சரிப்பா என்றாள். அந்தச் சரியில் ஒன்றும் சரியில்லை. அம்மாவிடம் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் நடந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. டீச்சர் கம்பத்தில் சாய்ந்துகொண்டாள். சாய்ந்தபடியே கேட்டாள்.

"முதல் ரெண்டு நாள்ல எத்தனை பேருக்குத் தட்டினீங்க?"

"பதினெட்டு."

"எத்தனை பேர் தவறினாங்க?"

"ரெண்டு. ஒரு கண்ணாடிக்காரர். அப்புறம் அந்தக் கடைசிப் பொண்ணு, போகும்போது நன்றி சொல்லிட்டுப் போனாளே, அவ."

"அவங்க ரெண்டு பேரும் நிஜமாவே வழுக்கினாங்களா? நிச்சயமா சொல்லுங்க."

கண்ணாடிக்காரர் பாடியதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். மேலே ஏறினார், சோஹினி என்றுதான் தட்டினேன். அவர் எடுத்த சீட்டில் பூரியா என்று இருந்தது. எத்தனை தரம் ஏறினார், எங்கே நின்றார், நின்றது நிற்கவா, மூச்சுக்கா? அந்தப் பெண் பாடியதில் குரல் மட்டும்தான் நினைவு இருந்தது. காலையில் கேட்டிருந்தால் மார்தட்டிச் சொல்லியிருப்பேன்.

"நிச்சயமில்ல," என்றேன்.

அவள் தலையாட்டினாள். எதிர்பார்த்த பதில்தான் என்பதுபோல.

"நாளைக்குப் பிரின்சிபாலைப் பார்க்கணும். என் காதைப் பத்தி நான் சொல்லிக்கறேன். உங்க காலைப் பத்தி நீங்கதான் சொல்லணும்."

பஸ் வந்தது. ஓட்டுகிறவன் புது ஆள் போலிருக்கிறது, எங்களைத் தாண்டி இருபதடி தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினான். வேறு நாளாக இருந்தால் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இன்றைக்கு இரண்டு பேரும் அந்த இருபதடியை நடந்தோம்.